வெனிலா விழுந்த கோழி உருண்டை

அத்தியாயம் 14

செருப்பு அலமாரியின் அடித்தட்டில், மழைக்காலப் பூட்சுக்குள், அந்தச் சின்ன மரப்பெட்டியை அவள் கண்டெடுத்து இன்றோடு ஒரு வாரம். பெட்டிக்குள் நாலு குட்டிப் பாட்டில். ஒன்றைத் திறந்தால் ரோஜா, இன்னொன்றில் எலுமிச்சை. மற்ற இரண்டையும் திறக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. இருந்தது இருந்தபடி வைத்து, பூட்சையும் நிமிர்த்திவிட்டு வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து தூக்கம் அரைகுறை, சாப்பாடு அரைகுறை. பின்னே? பதினாலு வருஷம் கூடக் குடித்தனம் பண்ணின மனுஷர், வியாழக்கிழமை ஆனால் வேலையிலிருந்து சீக்கிரமே கிளம்பி எங்கேயோ போகிறார். கேட்டால் "சும்மா, ஒரு வேலை" என்கிறார். ஒரு மாசமாகச் சாப்பாட்டில் குற்றம் சொல்வதில்லை, நிறை சொல்வதுமில்லை. வீட்டில் பெண்டாட்டிக்குத் தெரியாமல் ரோஜா வாசனை வேறு. எந்தப் பெண்தான் என்னவென்று நினைப்பாள், நீங்களே சொல்லுங்கள்.

இன்றைக்கும் வியாழக்கிழமை.

தெருமுனைக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் கண் பரிசோதிப்பது அவள் வேலை. எதிரே எழுத்துப் பலகை, மூக்கில் மாட்டும் கனமான சோதனைச் சட்டம், தட்டு நிறைய வட்டக் கண்ணாடிச் சில்லுகள். ஒவ்வொன்றாக மாட்டி மாட்டி, "ஒண்ணு நல்லாத் தெரியுதா, ரெண்டு நல்லாத் தெரியுதா?" என்று நாள் முழுக்கக் கேட்பாள். அந்தத் தெருப் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயரே 'ஒண்ணா ரெண்டா அக்கா'.

காலையில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். மூன்றாவது வரிக்குக் கீழே அவருக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை என்று அவளுக்குச் சட்டெனப் புரிந்துபோயிற்று. பெரியவர் விடுவதாயில்லை. தனக்கு முன்னால் இருந்தவர் படித்ததை வெளியே உட்கார்ந்து காதில் வாங்கிவைத்து, கடகடவென்று ஒப்பித்தார். நடுவில் ஓர் எழுத்து தட்டியதும் பலகையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஐயா, என் மூஞ்சில என்ன எழுதியிருக்கு? பலகையைப் பாருங்க."

"உன் மூஞ்சியைப் பாத்தா சரியா தப்பான்னு தெரிஞ்சிடுதேம்மா."

வேறு நாளாயிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பாள். தெரியாதவர்கள் எல்லாருமே இப்படித்தான், கேட்கிறவள் முகத்திலிருந்து விடையைப் பிடுங்கப் பார்ப்பார்கள். இன்றைக்கு அவளுக்கே நிதானமில்லை. ஒரு சில்லுக்குப் பதில் வேறொரு சில்லை எடுத்து மாட்டினாள்.

"இதுல உன்னையே காணோமேம்மா," என்றார் தபால்காரர்.

மத்தியானம் நாத்தனாரிடமிருந்து ஃபோன். கணவரின் அக்கா. கணவர் வேலை பார்க்கிற அதே சாஸ் தொழிற்சாலையில் உற்பத்தி மேலாளர். தம்பியை அங்கே சேர்த்துவிட்டதும் அவர்தான். 'ஹலோ' என்ற சொல்லை வீண்செலவாக நினைக்கிற பெண்மணி.

"ராத்திரி சாப்பாட்டுக்கு வரேன். ஏழரைக்கு. வரேன்னு அவன்கிட்டயும் சொல்லிடறேன், ஆனா இதை மட்டும் இப்பவே சொல்லிடாத. திங்கக்கிழமையிலேர்ந்து ருசிப் பிரிவுக்கு அவன்தான் தலைவன். முடிவாயிடுச்சு."

"ரொம்ப சந்தோஷம் அண்ணி."

"குரல்ல சந்தோஷத்தைக் காணோம்?"

"கடையில ஆள் இருக்காங்க அண்ணி," என்று சமாளித்தாள்.

அவள் கணவரைத் தொழிற்சாலையில் 'மூக்கு சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். சோயா சாஸ் ஊறும் தொட்டிகளிலிருந்து மாதிரி எடுத்து அவர் முன்னால் வைப்பார்கள். முகர்ந்து, நாக்கில் ஒரு சொட்டு வைத்து, கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு லாரி வாசலைத் தாண்டாது. ரொம்ப நாளாக அவர் ஆசைப்பட்ட பதவி. அது கைக்கு வருகிற நேரம் பார்த்தா இந்த மனுஷருக்கு ரோஜா வாசனை கேட்கிறது என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

பத்து நிமிஷத்தில் அவரே ஃபோன் பண்ணினார்.

"அக்கா வராளாம். நீ அலட்டிக்காத. நான் முன்னாடியே வந்து கோழி உருண்டை பண்ணிடறேன். அரை மணி வேலை."

தானாக முன்வந்து சமைக்கிறாராம்! தப்புப் பண்ணின ஆம்பிளைக்குத்தான் இப்படித் திடீரென்று அடுப்படி மேல் பாசம் பொங்கும் என்று நினைத்துக்கொண்டாள். இன்றைக்குக் கேட்டுவிடுவது. நாத்தனார் வருவதற்கு முன்னால் கேட்டுவிடுவது. ஆறு மணிக்கே கடையிலிருந்து கிளம்பிவிட்டாள். நேர்வழியில் போகாமல் பூங்காவை இரண்டு சுற்று சுற்றினாள். என்ன கேட்பது, எப்படி ஆரம்பிப்பது என்று ஒன்றுமே பிடிபடவில்லை. கால்தான் வலித்தது.

வீட்டில் அடுப்படி விளக்கு எரிந்தது. அவர் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றார். பெரிய கிண்ணத்தில் கொத்திய கோழிக்கறி, பாலில் நனைத்த ரொட்டித்தூள், ஒரு முட்டை, பொடிப்பொடியாய் நறுக்கின வெங்காயத்தாள், இஞ்சி, பூண்டு. எல்லாம் கச்சிதம்.

இந்த அடுப்படியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எந்தப் பாட்டிலிலும் பெயர் இருக்காது. தொழிற்சாலையில் மாதிரி எடுக்கிற பழுப்புப் பாட்டில்கள், எல்லாம் ஒரே உயரம், ஒரே மூடி. கடையிலிருந்து எது வந்தாலும் அதில் மாற்றி ஊற்றிவிடுவார். "பேரைப் படிச்சா மூக்கு சோம்பேறியாயிடும்" என்பது அவர் கட்சி. கல்யாணமான புதிதில் அவள் சர்க்கரைப் பாகு என்று நினைத்து வினிகரைத் தேநீரில் ஊற்றிக் குடித்திருக்கிறாள். அதிலிருந்து எது எது என்று அவரைத்தான் கேட்பது. பால் திரிந்திருக்கிறதா, மீன் பழசா, ரசத்தில் என்ன குறைச்சல், எல்லாவற்றுக்கும் அவர் முகர்ந்து "ம்" சொல்ல வேண்டும். அப்புறம்தான் மற்றவர் வாயில் வைப்பது. தனக்கும் ஒரு மூக்கு இருக்கிறது என்பது அவளுக்குச் சளி பிடித்தால்தான் ஞாபகம் வரும்.

"வந்துட்டியா? கையைக் கழுவிட்டு வா, உருட்டலாம்."

"இன்னைக்கு வியாழக்கிழமையாச்சே," என்றாள் வாசலில் நின்றபடியே.

"ஆமா. அதுக்கென்ன?"

"வியாழக்கிழமைன்னா லேட்டாத்தானே வருவீங்க?"

"அக்கா வராளேன்னு மத்தியானமே போயிட்டு வந்துட்டேன்."

"எங்க?"

அவர் அலமாரிப் பக்கம் திரும்பி மேல்தட்டிலிருந்து ஒரு பழுப்புப் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறந்தார். வழக்கம்போல மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, நீளமாக ஒரு இழுப்பு. திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டார். இரண்டு மூடி அளந்து கறியில் ஊற்றினார்.

வாசலில் நின்றிருந்தவளுக்குக் குப்பென்று அடித்தது. வெனிலா.

ஞாயிற்றுக்கிழமை மனசு சரியில்லாமல் அவள் ஒரு கேக் செய்தாள். அது உப்பவுமில்லை, வேகவுமில்லை. அந்த எரிச்சலில் வெனிலா பாட்டிலை எங்கே இடம் இருந்ததோ அங்கே, மேல்தட்டில் எள்ளெண்ணெய் இருக்கும் இடத்திலேயே செருகிவிட்டாள்.

"அது என்னங்க ஊத்தினீங்க?"

"வறுத்த எள்ளெண்ணெய். கொஞ்சம் விட்டா உருண்டை மெத்துனு இருக்கும்."

"வாசனை எப்படி இருக்கு?"

அவர் திரும்பினார். கிண்ணத்தைப் பார்க்கவில்லை, பாட்டிலையும் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா... வறுத்த எள்ளு வாசனை. ஏன்?"

அவளுக்குக் காலையில் வந்த தபால்காரர் ஞாபகம் வந்தது.

"என் மூஞ்சியைப் பார்க்காதீங்க. பாட்டிலைப் பாத்துச் சொல்லுங்க. அது எள்ளெண்ணெயா?"

அவர் கை கறியோடு அப்படியே அந்தரத்தில் நின்றது.

"வெனிலாங்க அது. தெருவுக்கே மணக்குது."

அவர் மெதுவாக இன்னொரு தடவை பாட்டிலை முகர்ந்தார். அப்புறம் மூடியைப் போட்டுத் திருகி, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"செருப்பு அலமாரியில ஒரு பெட்டி இருக்கு," என்றாள்.

"பாத்துட்டியா?"

"ரோஜா. எலுமிச்சை."

"மத்த ரெண்டு கிராம்பு, யூகலிப்டஸ். டாக்டர் குடுத்தது. காலைல நாலு, சாயந்திரம் நாலு. ஒவ்வொண்ணையும் இருபது எண்ணுற வரைக்கும் முகரணும். முகர்ந்துக்கிட்டே, இது ரோஜா, இது ரோஜான்னு நினைக்கணும். மூக்குக்கு மறுபடியும் ஒண்ணாங்கிளாஸ். வியாழக்கிழமை வியாழக்கிழமை அவர்கிட்ட போய்க் காட்டணும்."

"எவ்வளவு நாளா?"

"அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அதுலேர்ந்து. முப்பத்தெட்டு நாள்."

அவள் அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே முடியவில்லை.

"நான் என்னமோ... யாரோ ஒருத்தி..."

"எனக்கா?" அவர் நிஜமாகவே திகைத்துப் போனார். "என் மூஞ்சிக்கா?"

"ஏன், மூஞ்சிக்கு என்ன குறைச்சல்?" என்று சொல்லும்போதே சிரிப்பு அழுகையாகிவிட்டது. கூடவே கோபமும் வந்தது. "பக்கத்துலயே இருக்கிறவ நான். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஒரு வாரமா செத்துப் பொழைச்சிட்டிருக்கேன்!"

அவரும் எதிரே தரையில் உட்கார்ந்தார். கையெல்லாம் கறி.

"சொல்லிட்டா அது நிஜமாயிடும்னு பயமா இருந்துச்சு. நாளைக்கு வந்துடும், நாளன்னைக்கு வந்துடும்னு பாத்தேன். இது ஒண்ணைத் தவிர எனக்கு வேற என்ன தொழில் தெரியும்? உன் தலைமுடி வாசனைகூடத் தெரியலை. உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

அவள் எழுந்துபோய் அவர் தலையைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பாவம், எத்தனை நாள் தனியாக இதைச் சுமந்துகொண்டு நடமாடினாரோ என்று நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத," என்றார். "திரும்பி வர்றதுக்கு வாய்ப்பு இருக்குன்னு டாக்டர் சொல்லியிருக்கார். நாக்கு இருக்கு. உப்பு, புளிப்பு, இனிப்பு எல்லாம் தெரியுது. அதை வச்சு ஓட்டிடுவேன்."

"சொல்ல மாட்டேன்."

வேறொரு பெண் இல்லை என்கிற சந்தோஷத்தில், யோசிக்காமல் கொடுத்த வாக்கு அது.

மணி ஏழு. இன்னொரு கோழிக்கு எங்கே போவது? அவள் இன்னும் நாலு பல் பூண்டையும் ஒரு துண்டு இஞ்சியையும் தட்டிப் போட்டாள். கையை நனைத்துக்கொண்டு இரண்டு பேரும் எலுமிச்சை அளவில் உருட்டினார்கள். அவர் உருட்டியது எல்லாம் ஒரே அளவு. அவளுடையதில் சில சின்னது, சில பெரியது.

"கண்ணாடி, உன்னோடது ஒவ்வொண்ணும் ஒரு பவர்ல இருக்கு," என்றார்.

கண்ணாடி! அவர் அவளை அந்தச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. அவள் வேண்டுமென்றே இன்னும் ஒன்றைக் கோணலாக உருட்டினாள்.

வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் உருண்டைகளை இறக்கி, எல்லாப் பக்கமும் சிவக்கத் திருப்பித் திருப்பி விட்டார். அதைக் கண்ணால் பார்த்தே செய்துவிட்டார். சிவந்ததைத் தட்டில் எடுத்துவிட்டு, அதே வாணலியில் தேன், வினிகர், சோயா சாஸ். போன வாரம் தொழிற்சாலையிலிருந்து அவரே கொண்டுவந்த சாஸ்.

சாஸ் கொதித்துக் கெட்டியாகும்போது அவள் மூக்கைச் சுளித்தாள். வெனிலாவுக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று. மழையில் நனைந்த அட்டைப்பெட்டியைப் பிரித்த மாதிரி.

"என்ன?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல." பூண்டும் வெனிலாவும் சேர்ந்தால் இப்படித்தான் நாறும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். அவர் கையெழுத்துப் போட்ட சாஸ் ஆயிற்றே என்கிற பழைய பழக்கமும் ஒரு காரணம். உருண்டைகளை உள்ளே போட்டுப் புரட்டினார். பாகு ஒட்டிக்கொண்டு பளபளவென்று மின்னிற்று. அழைப்பு மணி அடித்தது. ஏழு இருபத்தைந்து.

நாத்தனார் கைப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு நேரே சாப்பிட உட்கார்ந்தார். ஒரு உருண்டையை வாயில் போட்டு மென்றார். நிறுத்தினார். மறுபடி மென்றார்.

"என்னது, பிறந்தநாள் கேக் மாதிரி இருக்கு?"

"நான்தான் அண்ணி. எள்ளெண்ணெய்னு நினைச்சு வெனிலாவை ஊத்திட்டேன்."

"இதுக்குத்தான் லேபிள் ஒட்டுங்கன்னு தலைபாடா அடிச்சிக்கறேன். தம்பி, நீ பக்கத்துல இல்லையா? உன் மூக்கு எங்க போச்சு?"

அவர் சட்டென்று குனிந்து சோற்றை வாரி வாயில் திணித்துக்கொண்டார். அவள் தண்ணீர்த் தம்ளரை நகர்த்தி வைத்தாள். நாத்தனார் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை சமாச்சாரத்தைச் சொன்னார். தம்பியின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். தம்பியும் சிரித்தார். ஒப்புக்குச் சிரிக்கிற சிரிப்பு.

"அதுக்கு முன்னாடி ஒரு அவசர வேலை." நாத்தனார் கைப்பையிலிருந்து மூன்று பழுப்புப் பாட்டில்களை எடுத்து வரிசையாக வைத்தார். மூடிமேல் 1, 2, 3 என்று எண் மட்டும். "ஒரு கடையில சரக்கைத் திருப்பிட்டாங்க. வாடை சரியில்லையாம். இந்த மூணும் இப்ப லாரியில ஏத்தியிருக்கிற மூணு தொட்டிச் சரக்கோட மாதிரி. ஒன்பது மணிக்கு வண்டி கிளம்புது. எதாவது ஒண்ணு கெட்டிருந்தா சொல்லு, இறக்கிடலாம். நீ சரின்னுட்டா போகட்டும்."

"நீயே பாத்திருக்கலாமேக்கா?"

"வினிகர்ப் பிரிவுல இருபது வருஷம் நின்னவ மூக்கு என்ன மூக்கு? எனக்கு எல்லாம் ஒண்ணுதான். உன்னை நம்பித்தான் வந்திருக்கேன்."

அவர் ஒன்றாம் பாட்டிலைத் திறந்தார். முகர்ந்தார். நாக்கில் ஒரு சொட்டு. இரண்டாவது. மூன்றாவதைத் திறந்தபோது மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளுக்கே தெரிந்தது. நனைந்த அட்டைப்பெட்டி.

அவர் பாட்டிலைக் கீழே வைத்தார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

ஒரு புருவம் உயர்த்தினால் போதும். மூன்று என்று அவருக்குப் புரிந்துவிடும். இன்றைக்குத் தப்பிக்கலாம். திங்கட்கிழமை பதவியும் வந்துவிடும். ஆனால் அப்புறம்? தினம் தினம் தொழிற்சாலையில் யார் முகத்தைப் பார்ப்பார்? சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். அதை மீறவும் அவளுக்கு மனசு வரவில்லை. உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு ஐந்து. எட்டு ஆறு ஆகிற வரைக்கும் திரும்பவேயில்லை.

"அக்கா," என்றார் அவர். "எனக்குத் தெரியலை."

"என்ன தெரியலை? இன்னொரு தடவை பாரு."

"வாசனையே தெரியலைக்கா. எதுவுமே. அந்த வெனிலாவை ஊத்தினதும் நான்தான்."

நாத்தனார் தம்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். திட்டுவார் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அவர் திட்டவில்லை. விரல் விட்டு எண்ணினார்.

"காய்ச்சல்னு ஒரு வாரம் லீவ் போட்டியே, அதுலேர்ந்தா?"

"ஆமாக்கா."

"அதுக்கப்புறம் நீ பதினோரு தொட்டிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேறொருத்தி இல்லை என்கிற நிம்மதியில் இந்தப் பதினோரு தொட்டி அவள் புத்திக்கு எட்டவேயில்லை. எத்தனை வீட்டு அடுப்படியில் அது இப்போது கொதித்துக்கொண்டிருக்கிறதோ!

"அவனைப் பத்தி அப்புறம் பேசிக்கறேன்," என்றார் நாத்தனார். கை தம்பியின் தோள் வரைக்கும் போய்த் திரும்பியது. தம்பி மேல் உயிரையே வைத்திருக்கிறவர். "வண்டிக்கு இன்னும் முக்கால் மணிதான் இருக்கு. மூணுல எதை இறக்கறது? யாரைக் கேக்கறது?"

வாணலியில் மிச்சமிருந்த உருண்டைகள் ஆறி, பாகு இறுகிப்போயிருந்தது.

அவர் எழுந்தார். மூன்று பாட்டில்களையும் நகர்த்தி, மனைவியின் முன்னால் வைத்தார். மூடிகளைத் தானே திறந்துவிட்டார்.

"நீ சொல்லு கண்ணாடி," என்றார். "ஒண்ணா, ரெண்டா, மூணா?"

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நாத்தனார் முகத்தையும் பார்க்கவில்லை. மேஜையில் இருந்ததை மட்டும் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாக முகர்ந்தாள். ஒன்று, சரி. இரண்டு, சரி. மூன்றாவதைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். சமையலுக்கு எடுத்த சாஸ் பாட்டிலைக் கொண்டுவந்து மூன்றாவதற்குப் பக்கத்தில் வைத்தாள். அதையும் திறந்து முகர்ந்தாள். இரண்டும் ஒரே வாடை.

"இது போன வாரம் வந்ததுங்க," என்றாள் கணவரிடம். "இன்னைக்கு நாம சாப்பிட்டது."

பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, மூணாவது கெட்டிருக்கு, போன வாரம் வெளியே போனதும் கெட்டிருக்கு. லாரியை நிறுத்தச் சொல்லுங்க."